பாம்புக் கடியை அளந்து பார்த்த டாக்டர்

ஆரணி என்றால் பட்டு. முகூர்த்தப் புடவை எடுக்கப் புறப்படும் குடும்பத்துக்கு அந்த ஊரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் அந்த நெசவு ஊரின் பெயர், பட்டுக்குக் கொஞ்சமும் சம்பந்தம் இல்லாத இன்னோர் இடத்திலும் ஏறியிருக்கிறது. பாம்புகளைப் பற்றிய பெரிய நூல்களில் சுருட்டை விரியன் என்ற பகுதியைப் புரட்டிப் பாருங்கள். அந்தப் பாம்பு விஞ்ஞான உலகத்துக்கு அறிமுகமான இடம் என்று ஆரணியைத்தான் போட்டிருப்பார்கள்.

சுருட்டை சிறிய பாம்பு. ஒன்றரை அடி, இரண்டு அடி இருந்தால் அதிகம். சீண்டினால் உடம்பை எட்டுப் போலச் சுருட்டிக்கொண்டு, செதிலோடு செதிலைத் தேய்த்துச் சரசரவென்று ஓசை எழுப்பும். கல்லிடுக்கிலும் கரம்பிலும் கிடக்கும். ஆளைப் பார்த்து எடை போடுகிறவர்கள் இதைக் கண்டு பயப்பட மாட்டார்கள். ஆனால் இதன் விஷம் இரத்தத்தில் கலந்துவிட்டால், இரத்தம் உறைகிற சக்தியே போய்விடும். ஈறில் கசியும். பழைய புண்ணிலிருந்தும் கசியும்.

இந்தப் பாம்பின் படத்தை ஹொரட்டா பாம் என்ற பெயரோடு 1796-ஆம் வருஷம் லண்டனில் ஒருவர் அச்சிட்டார். சுருட்டை என்ற நம் சொல்தான் துரைமார் காதில் அப்படி விழுந்திருக்குமோ என்று எனக்கு ஓர் எண்ணம். 1801-ல் ஷ்னைடர் என்ற ஜெர்மானியப் பண்டிதர் அதற்கு லத்தீன் பெயர் சூட்டினார். படத்தை அச்சிட்டவரின் பெயர் டாக்டர் பாட்ரிக் ரஸ்ஸல். கண்ணாடி விரியனை இன்று உலகம் முழுவதும் ரஸ்ஸல் விரியன் என்று அழைக்கிறார்களே, அது இவர் பெயர்தான்.

அவரைப் பாம்புப் படம் போட்டவர் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். என் அபிப்பிராயத்தில் அவர் செய்த பெரிய காரியம் வேறு. பாம்பு கடித்தால் எல்லாக் கடியும் ஒரே கடி அல்ல. எவ்வளவு கடுமை என்று பார்த்த பிறகுதான் மருந்தைப் பற்றிப் பேச முடியும் என்று நம் கடற்கரையில் கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்து ஆராய்ந்தவர் அவர்.

வக்கீல் வீட்டுப் பிள்ளை

ஸ்காட்லாந்து தேசத்தின் தலைநகரான எடின்பரோவில் 1727-ல் ரஸ்ஸல் பிறந்தார். தகப்பனார் ஒரு வக்கீல். வீடு நிறையப் பிள்ளைகள். மூத்த தாரத்துப் பிள்ளையான அலெக்ஸாண்டர் வைத்தியம் படித்து, சிரியா நாட்டில் உள்ள அலெப்போ நகரத்தில் ஆங்கிலேய வியாபாரிகளுக்கு டாக்டராக இருந்தார். தம்பி பாட்ரிக்கும் வைத்தியமே படித்தார். 1750-ல் டாக்டர் பட்டம் பெற்றதும் அண்ணனிடம் போய்ச் சேர்ந்தார். 1753-ல் அண்ணன் ஊர் திரும்பியபோது அந்த வேலை தம்பிக்குக் கிடைத்தது. அதன் பிறகு ஏறக்குறைய 18 வருஷம் அலெப்போவில்தான் வாசம். அரபு மொழி கற்றார். அந்த ஊர்ப் பாஷா அவரிடம் அன்பு வைத்து, தலைப்பாகை அணியும் உரிமையை அளித்துக் கௌரவித்தார். அந்நியர் ஒருவருக்கு அது பெரிய மரியாதை.

1760-ல் அலெப்போவில் பிளேக் நோய் புகுந்தது. 1762 வரை விடவில்லை. ஊரை விட்டு ஓடக் கூடியவர்கள் ஓடினார்கள். ரஸ்ஸல் ஓடவில்லை. நோயாளியைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. மாடி ஜன்னலில் நின்றுகொண்டு, கீழே தெருவில் கொண்டுவந்து நிறுத்தும் நோயாளிகளைப் பார்த்து மருந்து சொல்வார். இதைக் கோழைத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். டாக்டரும் செத்துவிட்டால் ஊருக்கு வைத்தியம் ஏது?

அப்போது அவர் ஒரு வேலை செய்தார். கண்ட நோயாளிகளை எல்லாம் குறித்து வைத்தார். எல்லாருக்கும் வந்தது பிளேக்தான். ஆனால் ஒருவன் கட்டி புறப்படும் முன்னே போய்விட்டான். இன்னொருவனுக்குக் கட்டி வந்து, பழுத்து, உடைந்து, அவன் எழுந்து நடந்தான். ஒரே நோய்க்கு இவ்வளவு வேற்றுமையா என்று யோசித்து, கடுமையைப் பார்த்து நோயாளிகளை ஆறு வகையாகப் பிரித்தார். 1791-ல் வெளியான பிளேக் பற்றிய அவருடைய பெரிய நூலில் இந்தப் பிரிவு இருக்கிறது. பிற்பாடு பாம்புக் கடியை அணுகிய முறைக்கு வித்து அலெப்போ தெருவில் விழுந்ததுதான் என்று எனக்குப் படுகிறது.

1771-ல் அலெப்போவை விட்டார். வழியில் ஐரோப்பியத் துறைமுகங்களில் தொற்று நோயாளிகளைத் தனியே வைக்கும் கட்டிடங்களைப் பார்வையிட்டுக்கொண்டே தாய்நாடு திரும்பினார். லண்டனில் தொழில் நடத்தினார். 1777-ல் ராயல் சங்கத்தில் அங்கத்தினரானார். இனி ஓய்வுதான் என்று மற்றவர்கள் நினைக்கிற வயது.

54 வயதில் ஒரு கப்பல் பயணம்

கிளாட் என்ற இன்னொரு சகோதரர் கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகத்தில் இருந்தார். 1781-ல் அவர் விசாகப்பட்டினத்துக்கு உயர்ந்த அதிகாரியாக நியமனம் பெற்றுக் கிளம்பினார். அவருக்கு உடம்பு சரியில்லை. துணைக்கு ஒரு டாக்டர் வேண்டும். பாட்ரிக் கூடவே கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 54. கல்யாணம் செய்துகொள்ளாதவர். கடைசி வரையில் செய்துகொள்ளவும் இல்லை.

அவர் இந்தியா வந்த சமயம் கர்நாடகம் முழுவதும் யுத்தம். ஹைதர் அலியின் படையும் கம்பெனிப் படையும் மோதிக்கொண்டிருந்தன. 1782 ஜூன் மாதத்தில் ஆரணியிலேயே ஒரு சண்டை நடந்தது. அந்தப் பக்கம் ஹைதர், இந்தப் பக்கம் ஜெனரல் கூட். பாளையங்களில் இருந்த சிப்பாய்கள் தரையில் படுத்தார்கள். புல்லிலும் புதரிலும் நடந்தார்கள். குண்டடி படாமல் தப்பியவன் பாம்பு கடித்துச் சாகலாம் என்ற நிலை.

ரஸ்ஸலுக்கு விசாகப்பட்டினத்தில் கடமை என்று ஒன்றும் அதிகமில்லை. செடிகளைச் சேகரித்தார். மீன்பிடிக்கிறவர்கள் கரைக்குக் கொண்டுவந்த மீன்களை வாங்கிப் படம் எழுதச் செய்தார். இந்தச் சமயத்தில் சென்னை சர்க்காரிடம் இயற்கை ஆராய்ச்சியாளராக இருந்த கோனிக் என்பவர் 1785-ல் இறந்துபோனார். இந்தக் கோனிக் 1768-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர். ஆர்க்காட்டு நவாபிடமும் சில காலம் வேலை பார்த்தவர். அவர் இடத்தில் அதே வருஷம் ரஸ்ஸலை நியமித்தார்கள்.

வேலையை ஏற்றதும் அவர் முதலில் எடுத்துக்கொண்ட விஷயங்களில் ஒன்று பாம்பு. ஜனங்கள் ஏராளமாகச் சாகிறார்கள். ஆனால் எது விஷப் பாம்பு, எது விஷமில்லாதது என்று யாருக்கும் நிச்சயமில்லை. சாரையைக் கண்டும் அலறுகிறார்கள். கட்டுவிரியனைத் தண்ணீர்ப் பாம்பு என்று நினைத்துக் குச்சியால் தள்ளுகிறவர்களும் உண்டு. இந்தக் குழப்பம் தீர்ந்தால் பாதிப் பயம் தீரும், வைத்தியனுக்கும் வழி தெரியும் என்று அவர் கருதினார்.

1787-ல் சென்னை சர்க்காருக்கு இது பற்றி ஒரு குறிப்பு எழுதினார். கடற்கரைச் சீமையில் ஊர் ஊராக இருந்த கம்பெனி டாக்டர்களிடமிருந்து பாம்புகளையும், கடிபட்டவர்களைப் பற்றிய விவரங்களையும் கேட்டு வாங்கினார். யாரை, எந்தப் பாம்பு கடித்தது, பிறகு என்ன ஆயிற்று என்ற செய்திகள் அவர் மேஜைக்கு வந்து சேர்ந்தன.

பெயர் வைக்கும் விஷயத்தில் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். பாம்பைக் கொண்டுவந்த உள்ளூர் ஜனங்கள் அதை என்ன சொல்லி அழைத்தார்களோ, அதையே எழுதிக்கொண்டார். கண்ணாடி விரியனுக்கு விசாகப்பட்டினத்தில் வழங்கிய தெலுங்குப் பெயர் காடுக ரேகுல பொட. அவர் நூலில் படத்துக்கு மேல் அந்தப் பெயர்தான் இருக்கிறது. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட ஒரு பாம்பைப் பங்காரும் பாமு என்றார்கள். பொன் பாம்பு என்று அர்த்தம். அந்தப் பங்காரு என்ற தெலுங்குச் சொல்லே பிறகு லத்தீன் உடை உடுத்திக்கொண்டு, நம்முடைய கட்டுவிரியன் உள்பட ஒரு பாம்புக் கூட்டத்துக்கே பெயராகிவிட்டது. காட்டில் பாம்பு பிடித்த யாரோ ஒருவர் சொன்ன வார்த்தை இன்று எல்லா நாட்டுப் புத்தகங்களிலும் நிற்கிறது.

விஷப் பாம்பை அடையாளம் காண நிறத்தை நம்பக்கூடாது என்று அவர் கண்டார். குட்டிக்கு ஒரு நிறம், சட்டை உரிக்கும் சமயத்தில் ஒரு நிறம். செதில்களை எண்ணிப் பார்த்தார். வாயைத் திறக்காமலே சொல்லிவிட ஒரு சுலபமான அடையாளம் கிடைக்குமா என்று வருஷக்கணக்கில் தேடினார். கிடைக்கவில்லை. வாயைத் திறந்து விஷப்பல் இருக்கிறதா என்று பார்ப்பதே நிச்சயம் என்ற முடிவுக்கு வந்தார். கடிபட்டவன் பாம்பைப் பிடித்து வாயைத் திறக்கவா முடியும்? ஆகவே, பாம்பைப் பார்ப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், கடிபட்ட உடம்பைப் பார்ப்போம் என்ற பாதைக்கும் வர வேண்டியதாயிற்று.

கடிகாரமும் கோழியும்

கோழிகளையும் நாய்களையும் பாம்புகளைக் கொண்டு கடிக்கச் செய்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். இந்த வரியை எழுதும்போது எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் வேறு வழி தெரியவில்லை. எந்த நிமிஷத்தில் கடித்தது, எந்த நிமிஷத்தில் கால் தள்ளாடியது, எப்போது மயக்கம், எப்போது வலிப்பு, எப்போது உயிர் பிரிந்தது என்று வரிசையாகக் குறித்தார். கண்ணாடி விரியன் கடித்த கோழி ஒரு நிமிஷத்துக்குள் செத்தது. பெரிய நாய் ஒன்று அரை மணிக்குள் செத்தது. நல்ல பாம்புக்கு அடுத்தபடியாகக் கொடியது இந்தக் காடுக ரேகுல பொடதான் என்று தீர்மானித்தார். அதுவரை ஐரோப்பிய நூல்களில் இந்தப் பாம்புக்கு இந்தக் கெட்ட பெயர் இல்லை.

எல்லாப் பிராணியும் சாகவில்லை என்பதுதான் முக்கியம். ஒன்று நிமிஷத்தில் போயிற்று, இன்னொன்று மணிக்கணக்கில் தவித்தது, வேறொன்று தானாகவே தேறி எழுந்தது. காரணம் இன்று நமக்குத் தெரியும். பாம்பு ஒவ்வொரு முறையும் ஒரே அளவு விஷத்தை இறக்குவதில்லை. சற்று முன்தான் எலியைக் கடித்திருக்கலாம். பல் சரியாகப் பதியாமல் உரசிவிட்டுப் போயிருக்கலாம். நல்ல பாம்பே கடித்தாலும் சில வேளை ஒரு துளி விஷமும் இறங்காது. இப்படிப்பட்ட வெறுங்கடி பட்டவன் பச்சிலை தின்றாலும் பிழைப்பான், மந்திரம் கேட்டாலும் பிழைப்பான், ஒன்றும் செய்யாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் பிழைப்பான். புகழ் மட்டும் பச்சிலைக்கும் மந்திரத்துக்கும் போய்ச் சேரும்.

அந்த நாளில் தஞ்சாவூர் மாத்திரை என்று ஒன்று பிரசித்தமாக இருந்தது. பாம்புக் கடிக்குக் கை கண்ட மருந்து என்று பெயர். வெள்ளைப் பாஷாணம், பாதரசம், நேர்வாளம், மிளகு எல்லாம் சேர்ந்த சரக்கு. கம்பெனி டாக்டர்களே அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆள் பிழைத்தால் மாத்திரை பிழைக்க வைத்தது என்று கடிதம் எழுதினார்கள். ரஸ்ஸல் அதையும் சோதித்தார். பாம்பு விஷத்துக்கு இது தனி மருந்து என்று நம்புவதற்கு அவருக்குச் சான்று கிடைக்கவில்லை. நாட்டு மருந்து என்று அவர் இகழவும் இல்லை, பிரபல மருந்து என்று மயங்கவும் இல்லை. கடித்த கடி எவ்வளவு கடுமை என்று தெரியாமல், மருந்து எவ்வளவு பலன் தந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? இது அவர் நூல் முழுவதும் ஓடுகிற கேள்வி.

மாற்று மருந்து எதுவும் அவர் கையில் இல்லை. அது கிடைக்க இன்னும் நூறு வருஷம் ஆயிற்று. சைகோன் நகரில் வேலை பார்த்த கால்மெட் என்ற பிரெஞ்சு டாக்டர் 1890-களில் விஷ முறிவுச் சீரத்தைக் கண்டுபிடித்தார். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஏற்றிப் பழக்கி, அதன் இரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்து அது. இன்று நம் ஆஸ்பத்திரிகளில் போடும் ஊசி அந்த வம்சம்தான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் முறிக்கும். அந்த விஷத்தில் பெரும் பங்கை எடுத்துக் கொடுத்தவர்கள் நம் இருளர்கள். 1978-ல் வடநெம்மேலியில் அவர்களுக்கென்றே பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது.

கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷம்

ஊசி வந்த பிறகு, கடியை அளக்கிற வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கலாம். உண்மையில் அப்போதுதான் அதிகமாயிற்று. இந்த ஊசியைக் கடிபட்ட எல்லாருக்கும் போட்டுவிடக் கூடாது. குதிரையிலிருந்து வந்த மருந்தாகையால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் மூச்சுத் திணறல் வரும். விஷம் ஏறியிருந்தால்தான் போட வேண்டும். ஏறியிருந்தால் தாமதிக்காமல் போட வேண்டும். எப்படித் தெரிந்துகொள்வது?

ஆரணிப் பக்கத்துக் கழனியில் அறுவடை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் அம்மாவின் கணுக்காலில் ஏதோ கடித்துவிடுகிறது. வைக்கோலுக்குள் ஓடிய பாம்பை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் வீக்கத்தைப் பார்ப்பார். வீக்கம் எந்த இடம் வரை வந்திருக்கிறதோ அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டு, மணியையும் எழுதுவார். சில மணி நேரத்துக்குள் கோட்டைத் தாண்டி முழங்கால் பக்கம் ஏறுகிறதென்றால் விஷம் இருக்கிறது என்று அர்த்தம். பாம்பு கடித்த இடத்தில் இரண்டு பல் பதிந்திருக்கிறதா, மூன்றா என்று எண்ணுவதைவிட இது மேலான சாட்சி.

பிறகு இரத்தம். நரம்பிலிருந்து எடுத்த புது இரத்தம் சில மில்லி, சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில். 20 நிமிஷம் அதைத் தொடக்கூடாது, ஆட்டக்கூடாது. அப்புறம் மெதுவாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். இரத்தம் உறைந்து நின்றால் நல்லது. தண்ணீர் போல ஓடி வந்தால், விரியன் விஷம் இரத்தத்தில் வேலை செய்துவிட்டது. உடனே ஊசி. குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் கண்ணாடி தொட்டால்தான் இரத்தத்துக்கு உறைகிற வேகம் வரும். பிளாஸ்டிக் குழாயில் வைத்தால் நல்ல இரத்தமும் உறையத் தாமதித்து ஏமாற்றிவிடும். பெரிய யந்திரம் எதுவும் இல்லாத சிறிய ஆஸ்பத்திரியிலும் செய்யக்கூடிய பரீட்சை இது. நைஜீரியா நாட்டில் சுருட்டைக்கு உறவான பாம்பு கடித்தவர்களைக் கவனித்து வாரெல் என்ற ஆங்கில டாக்டரும் தோழர்களும் 1977-ல் எழுதிய கட்டுரையின் வழியாக இது பெயர் பெற்றது. முதலில் சரியாக இருந்தாலும், விட்டு விட்டுத் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பார்கள். ஒரு நாள் முழுவதும் நோயாளியை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்வதும் இதற்காகத்தான். நமக்கு ஒன்றுமில்லையே, ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை என்று சண்டை பிடிப்பவர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது.

சிறுநீர் குறைகிறதா என்றும் கவனிப்பார்கள். கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நல்ல பாம்பும் கட்டுவிரியனும் வேறு ஜாதி. அவற்றின் விஷம் நரம்பைப் பிடிக்கும். கண் இமை தானாகத் தொங்கும். பார்வை இரண்டாகத் தெரியும். விழுங்க முடியாது. மூச்சு விடாமல் எத்தனை எண்ண முடிகிறது என்று டாக்டர் எண்ணச் சொல்வார். நேரம் ஆக ஆக எண்ணிக்கை குறைந்தால், சுவாசத் தசை தளர்கிறது என்று பொருள். கட்டுவிரியன் இன்னும் மோசம். இரவில் தரையில் படுத்துத் தூங்குகிறவரைக் கடிக்கும். வலி இராது, வீக்கம் இராது, பல் பட்ட தடம் கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்து, இமை சொருகினால், பாம்பை யாரும் பார்க்காவிட்டாலும் சந்தேகப்பட வேண்டியது கட்டுவிரியனைத்தான்.

குழந்தைக்கும் பெரியவருக்கும் ஊசி மருந்தின் அளவு ஒன்றே. சின்ன உடம்புக்குக் கொஞ்சம் போதும் என்று எண்ணக் கூடாது. குழந்தையைக் கடிக்கும்போது பாம்பு விஷத்தைக் குறைத்துக்கொண்டு கடிப்பதில்லை.

டாக்டர் இப்படி அளந்து பார்ப்பதற்கு வீட்டார் செய்யக்கூடிய உதவி சிறியது. கடித்த மணியை நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். காலிலே மெட்டி, கொலுசு, கையிலே மோதிரம், வளையல் இருந்தால் வீங்கும் முன்னே கழற்றிவிட வேண்டும். கடிபட்ட காலை ஆட்டாமல் வைத்து, 108 வண்டியிலோ வேறு வண்டியிலோ கொண்டுபோக வேண்டும். கயிற்றால் இறுகக் கட்டினால் கால் அழுகும். கத்தியால் கீறினால் உறையாத இரத்தம் நிற்காமல் போகும். பாம்பைத் துரத்திக்கொண்டு ஓடுவதில் பொழுது போவதோடு, இரண்டாவது ஆளும் கடிபடுவார். குழித்தறி வைத்திருக்கிற வீடுகளில், காலைக் குழிக்குள் இறக்கும் முன் ஒரு விளக்கைக் காட்டிப் பார்ப்பது நல்லது. எலி போன இடத்துக்குப் பாம்பும் போகும்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள். ஆஸ்பத்திரிக்கு வராமலே இறந்தவர்கள் அதிகம். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக் கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. எங்கே, யாரை, எந்தப் பாம்பு கடித்தது என்று ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் எழுதியனுப்ப வேண்டும். 1787-ல் ரஸ்ஸல் கம்பெனி டாக்டர்களிடம் கேட்டதும் ஏறக்குறைய இதுதான்.

புத்தகங்களோடு கழிந்த முதுமை

1789 ஜனவரியில் ரஸ்ஸல் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். அவர் வேலை ராக்ஸ்பரோ என்ற செடி நிபுணரிடம் போயிற்று. சேர்த்த பாம்புகளைச் சென்னையிலேயே விட்டுவிட்டு, படங்களையும் குறிப்புகளையும் எடுத்துக்கொண்டு லண்டன் சேர்ந்தார். வயது 62.

அதன் பிறகுதான் அவர் புத்தகங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. பிளேக் நூல் 1791-ல். அண்ணன் அலெக்ஸாண்டர் அலெப்போவைப் பற்றி எழுதியிருந்த நூலை, அண்ணன் இறந்து 26 வருஷத்துக்குப் பிறகு, திருத்தி விரித்து 1794-ல் வெளியிட்டார். சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றிய பெரிய நூல் 1796-ல், கிழக்கிந்தியக் கம்பெனியின் செலவில் வந்தது. கையால் வர்ணம் தீட்டிய படங்கள். பக்கத்துப் பக்கம் உள்ளூர்ப் பெயர்கள். விசாகப்பட்டினத்தில் சேகரித்த 200 மீன்களின் நூல் 1803-ல் வந்தது. அதிலும் தெலுங்குப் பெயர்களே.

பாம்பை அவர் விட்டபாடில்லை. 1804-ல், தமது 77-ஆவது வயதில், நல்ல பாம்பு படம் எடுப்பது எப்படி என்று ராயல் சங்கத்துக்கு ஒரு கட்டுரை கொடுத்தார். கழுத்துப் பக்கத்து விலா எலும்புகள் விரிந்துதான் தோல் படமாகிறது. கூடவே ஹோம் என்ற அறுவை நிபுணர் அந்த உறுப்பை அறுத்துப் பார்த்து எழுதினார். பாம்பு நூலின் இரண்டாம் பாகத்தைப் பகுதி பகுதியாக வெளியிடத் திட்டம். இரண்டு பகுதிகள் 1801-லும் 1802-லும் வந்தன. மிச்சத்தை அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1805 ஜூலை 2-ஆம் தேதி லண்டனில் காலமானார். மற்ற இரண்டு பகுதிகளும் 1809-க்குள் வெளிவந்துவிட்டன.

பாம்பு நூல் வெளியான மறு வருஷமே, 1797-ல், ஷா என்ற விஞ்ஞானி கண்ணாடி விரியனுக்கு ரஸ்ஸலின் பெயரையே வைத்தார். வைத்தவர் எழுத்துக் கூட்டியபோது ஓர் எழுத்தை விட்டுவிட்டார். விஞ்ஞானப் பெயர்களில் முதலில் அச்சான எழுத்தை மாற்றக்கூடாது என்று விதி. ஆகையால் ரஸ்ஸலின் பெயர் ஓர் எழுத்துக் குறைந்தே அந்தப் பாம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னோர் இடத்திலும் அது இருக்கிறது. இரத்தத்தை உறைய வைக்கும் சக்தி கண்ணாடி விரியன் விஷத்துக்கு உண்டு. உடம்புக்குள் ஏறினால் உறையும் சரக்கையெல்லாம் தீர்த்துவிட்டு இரத்தத்தைத் தண்ணீராக்கும் அதே விஷம், மிகமிகக் குறைத்து நீர்க்கச் செய்து சோதனைக் குழாயில் விட்டால் இரத்தத்தை உறைய வைக்கும். 1934-ல் மாக்ஃபர்லேன் என்ற டாக்டரும் கூட்டாளி ஒருவரும் இரத்தம் உறையாத பரம்பரை நோயாளிகளுக்கு இதை வெளிக்காயத்தில் தடவிப் பார்த்தார்கள். இன்று பெரிய ஆஸ்பத்திரிகளின் சோதனைச் சாலைகளில், சிலருடைய இரத்தம் தேவையில்லாமல் ஏன் கட்டிக்கொள்கிறது, சில பெண்களுக்கு ஏன் திரும்பத் திரும்பக் கரு கலைகிறது என்று கண்டுபிடிக்க இந்த விஷத்தைக் கொண்டு ஒரு பரீட்சை செய்கிறார்கள். சொட்டு விட்டு, எத்தனை விநாடியில் உறைகிறது என்று பார்ப்பார்கள். அந்தப் பரீட்சையின் பெயர் ரஸ்ஸல் விரியன் விஷ நேரம்.